சர்பத்தும் சோர்பேயும் ஒரு தாய் மக்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு விடை எழுதும்போது, சோர்பே என்னும் உறைபனி இனிப்பின் பெயரும் சர்பத் என்னும் பானத்தின் பெயரும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போனேன். அந்த ஒரு வரியை நம்ப மறுத்தும், விளக்கம் கேட்டும், திருத்தம் சொல்லியும் வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சர்பத் என்பது குவளையில் ஊற்றிக் குடிப்பது, சோர்பே என்பது கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் எடுத்து உண்பது. ஒலி சற்று ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றென்று சொல்லலாமா? சர்க்கரை சேர்ப்பதால்தான் சர்பத் என்ற பெயர் வந்தது என்று என் ஆசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பதில்: ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிச் சொற்களுக்கு உறவு கற்பிக்கக் கூடாது என்று நீங்கள் எச்சரிப்பது முற்றிலும் சரி. ஆனால் அந்த எச்சரிக்கை முதலில் பாய வேண்டிய இடம் சர்க்கரைக்கும் சர்பத்துக்கும் சொல்லப்படும் உறவுதான். சர்க்கரை என்பது வடமொழியின் சர்க்கரா என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பருக்கைக்கல், சரளை என்பவையே முதற்பொருள். கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த பொருள் மணல் போலப் பருக்கை பருக்கையாக இருந்ததால் அந்தப் பெயர் அதற்கு ஏறியது. அதே சொல் பாரசீகத்தில் ஷகர் என்றும், அரபு மொழியில் சுக்கர் என்றும், இத்தாலியத்தில் சுக்கெரோ என்றும், ஆங்கிலத்தில் ஷுகர் என்றும் உருமாறியது. இந்தக் குடும்பத்தில் எந்த மொழியிலும் பகர ஒலி எட்டிப் பார்ப்பதில்லை. சர்பத் என்ற சொல்லிலோ அந்தப் பகரம் அசைக்க முடியாத உறுப்பு. எனவே இரண்டும் ஒரே குவளையில் கலந்தாலும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை அல்ல.

சர்பத்தின் பிறப்பிடம் அரபு மொழி. அந்த மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யொலிகளைக் கொண்ட ஒரு வேரிலிருந்து கிளைக்கின்றன. மெய்கள் மூன்றும் பொருளைத் தாங்கும் எலும்பாக நிற்க, இடையில் வரும் உயிரொலிகளும் முன்னொட்டுகளும் அதற்குத் தசையும் தோலும் தருகின்றன. ஷ், ர், ப் என்ற மூன்றும் இந்த வரிசையில் நின்றால் குடித்தல் என்று பொருள். ஷரிப என்றால் குடித்தான். ஷர்பா என்றால் ஒரு முறை குடிப்பது, அதாவது ஒரு மடக்கு. ஷராப் என்றால் குடிப்பதற்கு உரிய பொருள். மஷ்ரூப் என்றால் பானம். குடிப்பவனைக் குறிக்கும் ஷாரிப் என்ற சொல்லுக்கு அந்த மொழியில் மீசை என்றும் பொருள் உண்டு. குவளைக்குள் முதலில் இறங்கி நனைவது அதுதானே. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று நாம் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வைக்க, அரபு மொழி இரண்டையும் ஒரே வேரில் சமாதானப்படுத்திவிட்டது.

ஷர்பா எவ்வாறு ஷர்பத் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷர்பா போன்ற பெயர்களின் இறுதியில் அரபு எழுத்தில் ஒரு தகரக் குறி உண்டு. சொல் தனித்து நிற்கும்போது அரபியர் அதை ஒலிப்பதில்லை. அந்தச் சொற்களைக் கடன் வாங்கிய பாரசீகர்கள் பல இடங்களில் அந்தக் குறியைத் தகரமாகவே ஒலித்தார்கள். நீதியைக் குறிக்கும் அதாலா என்ற அரபுச் சொல் அதாலத் ஆகி, லோக் அதாலத் என்று நம் செய்தித்தாள்களில் வருவது இப்படித்தான். செல்வத்தையும் ஆட்சியையும் குறிக்கும் தவ்லா என்ற சொல் தவுலத்து ஆனதும் இப்படித்தான். ஆகவே சர்பத்தின் கடைசித் தகரம், அந்தச் சொல் பாரசீக எல்லையைக் கடந்து வந்தது என்பதற்கு விழுந்த சுங்க முத்திரை.

பாரசீகத்தில் ஷர்பத் என்றும் துருக்கியத்தில் ஷெர்பெத் என்றும் வழங்கிய இந்தச் சொல், பழச்சாறும் சர்க்கரையும் பூவின் மணமும் சேர்த்து, கிடைத்த இடங்களில் பனியிட்டுக் குளிரவைத்த மதுக் கலவாத பானத்தைக் குறித்தது. உதுமானியப் பேரரசோடு வணிகமும் போரும் ஓயாமல் நடத்திய இத்தாலியர், 16ஆம் நூற்றாண்டில் அதைச் சோர்பெத்தோ என்று தம் மொழிக்குள் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் அதைச் சோர்பே ஆக்கினார்கள். ஆங்கிலத்துக்குள் இது இரண்டு வாசல்கள் வழியாக நுழைந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வழியாகச் சோர்பே என்று ஒரு முறையும், அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத் துருக்கி, பாரசீக வடிவத்தை ஒட்டி ஷெர்பெட் என்று மறுமுறையும் வந்தது. நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: இந்தப் பயணம் நடந்த காலத்தில் இந்த வடிவங்கள் அனைத்தும் பானத்தையே குறித்தன. கரண்டியால் எடுத்து உண்ணும் உறைந்த இனிப்பு என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. பெயர் முன்னே பிறந்து, பண்டம் அதற்குப் பின்னே பிறந்தது. உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று உணவை நால்வகையாகப் பிரிக்கும் நம் மரபில் வைத்துச் சொன்னால், பருகுவனவற்றில் இருந்த ஒரு பொருள் தன் பழைய பெயரைக் கழற்றாமலே நக்குவனவற்றின் பந்திக்கு மாறி உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: ஷராப் என்றால் இந்தியிலும் உருதுவிலும் மது அல்லவா? மதுவை விலக்கிய சமயத்தாரின் பானத்துக்கு மதுவின் பெயரா?

பதில்: முறை தலைகீழானது; பானத்தின் பொதுப்பெயர்தான் பிற்காலத்தில் மதுவின் மீது ஏறியது. குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்தில் 69ஆம் வசனம், தேனீக்களின் வயிற்றிலிருந்து பல நிறங்கள் கொண்ட பானம் வெளிவருகிறது என்றும் அதில் மனிதர்களுக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்றும் சொல்கிறது. அங்கே தேனைக் குறிக்க வந்த சொல் ஷராப். விலக்கப்பட்ட மதுவுக்கு அரபு மொழியில் கம்ர் என்ற தனிச்சொல் இருக்கிறது. பாரசீகத்திலும் துருக்கியத்திலும் உருதுவிலும்தான் ஷராப் என்ற பொதுச்சொல் மதுவுக்குரிய சிறப்புச் சொல்லாகச் சுருங்கியது.

இந்தச் சுருக்கம் நமக்குப் புதிதன்று. குடித்தல் என்பது நம் மொழியில் நீரையும் பாலையும் குடிப்பதற்கும் உரிய சொல். ஆனால் ஒருவரைப் பற்றி, அவர் குடிப்பார் என்று மட்டும் சொன்னால் யாரும் பாலை நினைப்பதில்லை. தேனுக்கும் கள்ளுக்கும் நறவு என்ற ஒரே பெயரைப் பழந்தமிழ் வழங்கியது. மது என்ற வடசொல்லும் தேன், மயக்கும் பானம் ஆகிய இரண்டையும் குறித்தது. பேச்சுத் தமிழில் பீடியைக் குடிப்பது போலவே எகிப்தியரும் துருக்கியரும் சிகரெட்டைக் குடிக்கவே செய்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். எகிப்தியர் அதற்குப் பயன்படுத்தும் வினைச்சொல் இதே ஷ்-ர்-ப் வேரிலிருந்து பிறந்ததுதான்.

துருக்கிய மொழியைப் பார்த்தால் இந்த வேரின் செழிப்பு விளங்கும். ஷராப் என்றால் திராட்சை மது. ஷுருப் என்றால் மருந்துப் பாகு. ஷெர்பெத் என்றால் இனிப்புப் பானம். மெஷ்ரூபாத் என்றால் குளிர்பானங்கள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளான இவை வெவ்வேறு வீடுகளில் குடியேறி, ஒன்றின் வாசற்படியை மற்றொன்று மிதிக்காமல் வாழ்கின்றன. ஆளுக்கு ஏற்றபடி பேசி மகிழ்விப்பவரை, நாடி பார்த்து ஷெர்பெத் கொடுப்பவர் என்று துருக்கியர் சொல்வார்கள். அந்தப் பானத்துக்கு மருத்துவத்தோடு இருந்த நெருக்கம் இந்தத் தொடரில் தெரிகிறது.

கேள்வி: இருமலுக்குக் குடிக்கும் சிரப் என்ற சொல்லும் இதே குடும்பம்தானா?

பதில்: ஆம், அதுவும் இந்தக் குடும்பத்தின் பிள்ளைதான், அதிலும் ஐரோப்பாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்த மூத்த பிள்ளை. அரபு மருத்துவர்கள் மூலிகைச் சாற்றைச் சர்க்கரைப் பாகில் இட்டுக் காய்ச்சிக் கொடுத்த மருந்து வகைக்கு ஷராப் என்றே பெயர். மோன்ட்டே கசீனோ மடத்தில் 11ஆம் நூற்றாண்டில் இருந்த கான்ஸ்டன்டைன் போன்றவர்கள் அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் பெயர்த்தபோது, மருந்துகளோடு அவற்றின் பெயர்களும் ஐரோப்பாவுக்குள் போயின. ஷராப் அங்கே சிரூபஸ் ஆயிற்று. அதிலிருந்து பிரெஞ்சில் சிரோ, இத்தாலியத்தில் ஷிரோப்போ, 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆங்கிலத்தில் சிரப் என்ற வடிவங்கள் உருவாயின. ஸ்பானியர் லத்தீனைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தம் மண்ணில் வாழ்ந்த அரபியரிடமிருந்தே நேரடியாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் மருந்துப் பாகுக்கு அவர்கள் மொழியில் ஹராபே என்றும், போர்த்துகீசியத்தில் ஷரோப்பே என்றும் பெயர்.

எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் ரம் அல்லது பிராந்தியும் கலந்து 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அருந்திய ஷ்ரப் என்ற பானத்தின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே. புதரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அது ஒலியிலும் எழுத்திலும் ஒன்றாக இருப்பது தற்செயல். புதருக்கும் பானத்துக்கும் உறவில்லை. ஆக, மருந்துக் கடையின் சிரப், குவளையின் சர்பத், கிண்ணத்தின் சோர்பே, விருந்தின் ஷ்ரப் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்தால் அது ஒரு குடும்பப் புகைப்படம்.

கேள்வி: சோர்பே என்பது லத்தீனில் உறிஞ்சுதலைக் குறிக்கும் சோர்பேரே என்ற வினையிலிருந்து வந்தது என்று ஓர் இத்தாலிய சமையல் குறிப்பில் படித்தேன். அது தவறா?

பதில்: பிறப்பைப் பற்றிய கூற்றாக அது தவறு, வளர்ப்பைப் பற்றிய கூற்றாக அதில் பாதி உண்மை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியாதலால் சற்று நீட்டி விடை சொல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

துருக்கிய ஷெர்பெத் இத்தாலியத்தில் ஏன் ஷ ஒலியை இழந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒலி நாவில் வராத மொழியாக இருந்தால் காரணம் எளிது. ஷ என்பது ஒலியமைப்பில் இல்லாததால் தமிழ் அதைச் சகரமாக்கிக்கொண்டது. ஆனால் இத்தாலியருக்கு ஷ ஒலி தாய்ப்பாலோடு வந்தது. அதே வேரிலிருந்து வந்த மருந்துப் பாகை அவர்கள் ஷிரோப்போ என்று ஷகரத்தோடுதான் சொல்கிறார்கள். பாகுக்குக் கிடைத்த ஷகரம் பானத்துக்குக் கிடைக்காமல் போனதற்கும், முதல் அசையில் இருந்த எகரம் ஒகரமாகத் திரிந்ததற்கும், ஏற்கெனவே அவர்கள் மொழியில் இருந்த சோர்பீரே என்ற வினையின் ஈர்ப்பே காரணம் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். மெல்ல உறிஞ்சிக் குடித்தல் என்பது அதன் பொருள். புதிதாக வந்த அயற்சொல் ஒரு பானத்தைக் குறித்தது; பக்கத்திலேயே குடித்தலைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல் ஒலியிலும் நெருங்கி நின்றது. மக்கள் முன்னதைப் பின்னதன் சாயலில் திருத்திச் சொல்லிவிட்டார்கள். போதாக்குறைக்குச் சொல்லின் இறுதி, எத்தோ என்ற இத்தாலியச் சிறுமைப் பின்னொட்டைப் போலவும் அமைந்துவிட்டது. இத்தாலியக் காதுக்கு அது சிற்றுறிஞ்சல் என்பது போல ஒலித்திருக்கும். அயலூரிலிருந்து வந்த மருமகள் சில ஆண்டுகளில் மாமியார் வீட்டுச் சாயலுக்கே வந்துவிட்டாள் என்று சொல்வார்களே, அதுதான் இங்கும் நடந்தது.

போர்த்துகீசியத்தில் இந்தச் சாயல் இன்னும் தெளிவு. உறிஞ்சுதலுக்கு அங்கே சோர்வேர் என்று வகரம் வரும். அதற்கேற்பச் சோர்பேயும் அங்கே சொர்வேத்தே என்று வகரம் பெற்றது. பிரேசிலில் இந்தச் சொல் இன்னும் ஒரு படி ஏறி, பால் சேர்ந்த ஐஸ்கிரீம் உட்பட எல்லா உறைபனி இனிப்புகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. போர்த்துகலில் ஐஸ்கிரீமுக்கு உறைந்தது என்று பொருள்படும் ஜெலாது என்ற சொல்லே வழக்கு.

இதே வாசகர் பின்குறிப்பாக, இனிப்புகளில் சேர்க்கும் சோர்பிட்டால் என்ற பொருளுக்கும் சோர்பேக்கும் பெயரளவில் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறார். இல்லை. சோர்பஸ் என்பது குளிர்நாடுகளில் வளரும் ஒரு மரவினத்தின் லத்தீன் பெயர். அதன் பழத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பொருளுக்குச் சோர்பிட்டால் என்று பெயரிட்டார்கள். சோர்பேயில் சோர்பிட்டால் கலந்திருக்கலாம். பெயர்களுக்குள் கலப்பு இல்லை.

கேள்வி: பானம் எப்போது, எங்கே உறைந்தது? மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார், மெடிச்சி குலத்துக் கத்தரீன் பிரான்சுக்குக் கொண்டுபோனார் என்கிறார்களே?

பதில்: இரண்டும் பிற்காலத்தில் கட்டிய கதைகள். மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகளிலோ, 1533இல் பிரெஞ்சு இளவரசரை மணந்த கத்தரீனின் காலத்துப் பதிவுகளிலோ இதற்குச் சான்று இல்லை.

பனிக்கட்டியை ஒரு பானத்தில் போட்டால் பானம் குளிருமே தவிர உறையாது. அதை உறையவைக்க, பாத்திரத்துக்கு வெளியே இருக்கும் பனியில் உப்பைக் கலக்க வேண்டும். உப்பு கலந்த பனி, சுழியப் பாகைக்கும் கீழே உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும். சமையல் உப்பைச் சரியான அளவில் கலந்தால் கழித்தல் 21 பாகை செல்சியஸ் வரை இறங்க முடியும். நேப்பிள்சைச் சேர்ந்த ஜாம்பத்தீஸ்தா தெல்லா போர்த்தா, 1589இல் விரித்து வெளியிட்ட தம் இயற்கை மாயம் என்னும் நூலில், பனியோடு வெடியுப்பைக் கலந்து திராட்சை மதுவை உறையவைக்கும் முறையை எழுதியிருக்கிறார். அதே நேப்பிள்சில் அந்தோனியோ லத்தீனி என்ற விருந்து மேலாளர் 1692, 1694 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நூலில் சோர்பே செய்யும் குறிப்புகள் அச்சேறின. அவற்றில் ஒன்று பால் சேர்த்தது. 1775இல் பிலிப்போ பால்தீனி என்ற மருத்துவர் சோர்பேயைப் பற்றியே தனி நூல் எழுதி, அதிலும் பால் சோர்பேக்கு இடம் தந்தார். இன்று பால் சேராததே சோர்பே என்று இலக்கணம் வகுக்கிறவர்கள் இந்த இரண்டு நூல்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் பாலும் இந்தப் பெயரின் குடைக்குக் கீழேதான் இருந்தது. பாரிசில் 1686இல் புரோக்கோப் காபியகத்தைத் திறந்த சிசிலியரும் பனி இனிப்புகளுக்குப் பேர்போனவர்.

சர்க்கரை இங்கே சுவைக்கு மட்டும் உரியதன்று. தூய நீர் கல்லாக உறையும். சர்க்கரை கலந்த நீரில் ஒரு பகுதி எப்போதும் உறையாத பாகாகவே நின்று, பனித்துகள்களுக்கு இடையே ஊறிக்கிடக்கும். கரண்டி இறங்குவது அதனால்தான். நன்றாகச் செய்த சோர்பேயில் ஒரு பகுதி இன்னும் சர்பத்தாகவே இருக்கிறது என்று சொன்னால் அது வெறும் சொல் விளையாட்டு அன்று.

கேள்வி: ஆங்கிலத்தில் ஷெர்பெட், சோர்பே என்று இரண்டும் இருக்கின்றனவே, வேறுபாடு என்ன?

பதில்: நீங்கள் எந்த நாட்டில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அமெரிக்காவில் ஷெர்பெட் என்பது சிறிதளவு பால் சேர்ந்த உறைபனி இனிப்பு. அதில் பால் கொழுப்பு 1 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 2 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டரசின் உணவு விதி சொல்கிறது. ஐஸ்கிரீம் என்ற பெயருக்கோ குறைந்தது 10 விழுக்காடு வேண்டும். பால் அறவே சேராததை அங்கே சோர்பே என்கிறார்கள்.

பிரிட்டனில் ஷெர்பெட் என்றால் நாவில் பட்டதும் நுரைத்துச் சுள்ளென்று ஏறும் ஒரு புளிப்பு இனிப்புப் பொடி. சர்க்கரையோடு சமையல் சோடாவும் டார்டாரிக் அல்லது சிட்ரிக் அமிலமும் சேர்த்துச் செய்வது அது. ஈரம் பட்டதும் கரியமில வாயு கிளம்புகிறது. பானத்தின் பெயர் பொடிக்கு எப்படிப் போனது என்று வியக்க வேண்டாம். உதுமானிய ஷெர்பெத்தையே உலர்ந்த கட்டியாகவும் பொடியாகவும் செய்துவைத்து, வேண்டும்போது நீரில் கரைத்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் நீரில் கரைத்தால் பொங்கும் பொடி அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது. பிள்ளைகள் நீருக்காகக் காத்திருக்காமல் பொடியையே விரலால் தொட்டு நக்கத் தொடங்கிவிட்டார்கள் போலும். ஆஸ்திரேலியக் கொச்சை வழக்கில் ஷெர்பெட் என்றால் பீர். மதுவை விலக்கியவர்களின் பானம் கடைசியில் அங்கே போய் நுரைத்து நிற்கிறது.

கேள்வி: சூப்பைக் குறிக்கும் ஷோர்பா என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததுதானே? அதையும் குடிக்கத்தானே செய்கிறோம்?

பதில்: இல்லை. ஷோர் என்றால் பாரசீகத்தில் உப்பு; பா என்றால் குழம்பு. இரண்டும் சேர்ந்த சொல் அரபு மொழிக்குள்ளும் போயிருப்பதால், அரபியரே பலர் அதைக் குடித்தலோடு இணைத்து எண்ணுகிறார்கள். தவறுவதற்கு மிகவும் வசதியான இடம் அது.

கேள்வி: பிற மொழிகள் இந்த வகை இனிப்புகளை எப்படி அழைக்கின்றன? எல்லாவற்றிலும் குடித்தல் என்ற பொருள்தான் இருக்கிறதா?

பதில்: இந்தக் கேள்விதான் சோர்பேயின் தனித்தன்மையை வெளியே கொண்டுவருகிறது. பனி இனிப்புகளின் பெயர்களை மொழி மொழியாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை குளிரைப் பேசுகின்றன. இத்தாலியத்தின் ஜெலாத்தோ, ஸ்பானியத்தின் எலாதோ, துருக்கியத்தின் தோன்துர்மா, ஹங்கேரியத்தின் ஃபாட்யலால்ட் ஆகிய நான்கும் உறைதல் என்ற வினையிலிருந்து பிறந்தவை. ஜெர்மானியர் சுருக்கமாகப் பனி என்று பொருள்படும் ஐஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். பிரெஞ்சின் கிளாஸ், கிரேக்கத்தின் பகோத்தோ, போலந்து மொழியின் லோதி ஆகியவையும் பனியைக் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தவையே. ரஷ்ய மொழியின் மரோஷெனயே, கடுங்குளிரைக் குறிக்கும் மரோஸ் என்ற சொல்லோடு சேர்ந்தது. பாரசீகர் ஐஸ்கிரீமைப் பஸ்தனீ என்கிறார்கள். பஸ்தன் என்றால் கட்டுதல், இறுகுதல். நம் பனிக்கட்டி என்ற சொல்லுக்குள்ளும் ஒரு கட்டு இருப்பதைக் காணும்போது, நீர் இறுகுவதை இரண்டு மொழிகளும் ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன என்று தோன்றுகிறது.

இவ்வளவு பேரும் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில், சோர்பே ஒன்றுதான் குளிரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், நான் குடிப்பதற்கு உரியவன் என்று சொல்லிக்கொண்டு உறைந்து உட்கார்ந்திருக்கிறது. வேரில் குளிர் இல்லாததால்தான் இந்தச் சொல் போன இடங்களில் எல்லாம் விரும்பிய பொருளை எடுத்துக்கொண்டது. மலாய் மொழியில் செர்பத் என்றால் இஞ்சி சேர்த்த சூடான காரப் பானம். சுவாகிலி மொழியில் ஷருபாத்தி என்றால் பழச்சாறு. ருமேனியாவில் ஷெர்பெத் என்பது கரண்டியால் எடுத்து உண்டு, கூடவே ஒரு குவளை குளிர்ந்த நீர் குடிக்க வேண்டிய கெட்டியான சர்க்கரைக் களி. துருக்கியத்திலேயே பக்லவா போன்ற இனிப்புகளின் மீது ஊற்றும் பாகுக்கும் ஷெர்பெத் என்றே பெயர். சூடு, குளிர், நீர், களி, பொடி, பனி என்று ஒரு சொல் இத்தனை வேடம் போட்டதற்கு ஈடான வேறொன்றை உணவுப் பெயர்களில் நான் கண்டதில்லை.

ஜப்பானியர் ஷெர்பெட் என்ற ஆங்கில வடிவத்தை ஷாபெத்தோ என்று ஒலியளவில் எடுத்துக்கொண்டார்கள். சீனர்களுக்கு அது போதவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உள்ள மொழி அவர்களுடையது. எனவே அயற்சொல்லை எழுதும்போது ஒலியும் பொருந்தி, பொருளும் அழகாக அமையும் எழுத்துகளைத் தேடுவார்கள். அப்படி அமைந்தது சோர்பேக்கு அவர்கள் வழங்கும் பெயர். காண்டனிய ஒலிப்பில் ஏறத்தாழ சுத்-பா என்று வரும் அதன் முதல் எழுத்துக்குப் பனி என்றும், இரண்டாம் எழுத்துக்கு மலர் என்றும் பொருள். அரபு வேரில் குடித்தலாகத் தொடங்கிய சொல்லுக்குள் சீன எழுத்தில்தான் பனி வந்து சேர்ந்தது.

கேள்வி: எழுதும்போது சோர்பெட் என்று எழுதுவதா, சோர்பே என்று எழுதுவதா?

பதில்: பிரெஞ்சில் கடைசித் தகரம் எழுத்தில் இருந்தாலும் ஒலிப்பதில்லை, ஆங்கிலேயரில் பெரும்பாலோரும் அப்படியே சொல்கிறார்கள். நான் அதனால் சோர்பே என்று எழுதுகிறேன். அரபியர் ஒலிக்காமல் விட்ட தகரத்தைப் பாரசீகர் ஒலித்தார்கள், துருக்கியரும் இத்தாலியரும் காப்பாற்றினார்கள், பிரெஞ்சுக்காரர் மீண்டும் ஒலிக்காமல் விட்டார்கள். எனவே சோர்பெட் என்று எழுதுகிறவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை.

கேள்வி: ஐஸ்கிரீமுக்குப் பனிக்கூழ் என்று தமிழில் எழுதுகிறார்கள். சோர்பேக்கு என்ன சொல்லலாம்?

பதில்: பனிக்கூழ் என்ற ஆக்கத்தை ஐஸ்கிரீமுக்குத் தந்தது சற்று அவசரப்பட்டுவிட்ட செயல் என்பது என் எண்ணம். ஐஸ்கிரீம் என்ற பெயரில் பாலின் கொழுப்பாகிய கிரீம் நிற்கிறது. கூழ் என்ற சொல்லில் பாலுக்கோ கொழுப்புக்கோ இடமில்லை. கூழ் என்பது நீரும் மாவும் குழைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை நாம் குடிக்கிறோம். கூழானாலும் குளித்துக் குடி என்றுதான் பழமொழி சொல்கிறதே தவிர, குளித்து உண் என்று சொல்லவில்லை. நீரும் பழமும் சர்க்கரையும் குழைந்து, குடித்தலைக் குறிக்கும் பெயரைத் தாங்கி, பனியாக நிற்கும் சோர்பேக்கே பனிக்கூழ் என்ற சொல் வேரளவில் பொருந்துகிறது. ஆனால் அது ஏற்கெனவே ஐஸ்கிரீமுக்குப் பட்டா எழுதிக் கொடுத்த சொல்லாகிவிட்டது. திருப்பிக் கேட்டால் வழக்குத்தான் வரும். ஆகவே பழப் பனிக்கூழ் என்று முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துச் சமாளிக்கலாம். அது நீளம் என்பவர்கள் உறைசர்பத் என்று சொல்லிப் பார்க்கலாம். ஐரோப்பா சென்று உறைந்து திரும்பிய சொல்லை, குவளையில் இருந்த அதன் பழைய வடிவத்தோடு அது மறுபடியும் சேர்த்துவைக்கும் என்பதால், எனக்கு இரண்டாவதன் மீது சாய்வு அதிகம்.